பழைய புத்தகம் பேணவும் படிக்க வேண்டும்!

பட்டுப் புடவையை எப்படிப் பேணுவது என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். ஜரிகை கறுக்காமல் பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வைக்க வேண்டும். அந்துருண்டை துணியில் படக் கூடாது. அம்மா செய்ததைப் பார்த்தே கற்றுக்கொண்டோம். ஆனால் அதே வீட்டுப் பரணில் தாத்தா காலத்துப் புத்தகமோ கணக்கு நோட்டோ கிடந்தால் அதை எப்படிப் பேணுவது? "தூசி தட்டி வெயிலில் காய வைத்தால் போச்சு" என்போம். இல்லாவிட்டால் பழைய பேப்பர்க்காரர் வரும் நாளை எதிர்பார்ப்போம்.

இதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, அதைக் கற்றவர்கள் தலைமையில் இயங்கும் நூலகங்கள் இருக்கின்றன என்பது எங்கள் குடும்பத்துப் பெண் ஒருத்தியால்தான் எனக்குத் தெரிய வந்தது. அவள் அந்தப் பயிற்சிக்குப் போவதற்குள் வீட்டில் நடந்த அமளி இருக்கிறதே, அதையும் சொல்லத்தான் வேண்டும். குழந்தையை வைத்துக்கொண்டு மேலே படிக்கலாமா, வேண்டாமா என்று யோசிக்கும் இளம் தாய்மார்களுக்கு உபயோகப்படும்.

நாங்கள் இருப்பது ஏற்காட்டில். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்களுக்குப் பனிமூட்டம் அழகுதான். குடித்தனம் செய்கிறவர்களுக்கோ ஈரத்தோடு மல்லுக்கட்டுவதே பாதி வேலை! புரட்டாசி, ஐப்பசி வந்தால் உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டுக்கொள்ளும். அப்பளம் நமத்துப் போகும். தோல் செருப்பில் பச்சைப் பூஞ்சணம் பூக்கும். இந்த ஊரில் காகிதத்தின் கதியைச் சொல்ல வேண்டுமா?

என் மாமனார் சேர்வராயன் மலையில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து, இத்தனை இஞ்ச், இத்தனை சென்ட் என்று எஸ்டேட் புத்தகத்தில் எழுதுவது அவர் வேலை. அதையே வீட்டிலும் தனக்கென்று ஒரு நோட்டில் எழுதி வைப்பார். எந்த வாரம் காபி பூத்தது, என்றைக்குப் பழம் எடுக்க ஆரம்பித்தார்கள், சில்வர் ஓக் மரம் காற்றில் விழுந்தது, எல்லாம் அதில் இருக்கும். இருபத்தாறு நோட்டுகள். மாமியார் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அவருக்கும் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருந்தது. மளிகைக் கணக்கு, கைமருந்து, பிள்ளைகள் பிறந்த நேரம் என்று கலந்து கட்டி எழுதியிருப்பார். இருவரும் காலமான பிறகு எல்லாம் ஒரு இரும்புப் பெட்டியில் பரணுக்குப் போய்விட்டன.

என் நாத்தனாருக்கு ஒரே பெண். என்னை அத்தை, அத்தை என்று சுற்றி வருவாள். நூலகப் படிப்பு முடித்து, கீழே சமவெளியில் ஒரு பழைய கல்லூரியின் லைப்ரரியில் வேலை பார்க்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் கையில் ஒரு சாவியைக் கொடுத்து, "இனிமேல் ஸ்பெஷல் கலெக்ஷனுக்கு நீங்கள்தான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் தானமாகக் கொடுத்த பழைய தமிழ் அச்சுப் புத்தகங்கள், கடிதக் கட்டுகள், போட்டோக்கள், இரண்டு பீரோ நிறைய ஓலைச்சுவடிகள் அந்த அறையில். சாவி கொடுத்தவர்கள், உள்ளே இருப்பதை என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை!

டெல்லியில் ஆறு வாரப் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. அப்போது அவள் மகனுக்கு இரண்டரை வயசு. நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுவேன், ஒரே பிடியாக நின்றார்.

"ரெண்டரை வயசுப் பிள்ளையை விட்டுட்டு, தூசி தட்டக் கத்துக்க டெல்லி போறாளாம்! நாலு துடைப்பம் வாங்கிக் கொடுத்தா இங்கேயே கத்துக்கலாமே!"

மாப்பிள்ளை நல்லவர்தான். ஆனாலும், "டாக்டருக்குப் படிக்கிறதுன்னாலும் பரவாயில்லை. பழைய புத்தகத்துக்கு இவ்வளவு அவசரமா?" என்றார். அவள் அழவில்லை, கத்தவில்லை. ஒன்றே ஒன்று சொன்னாள்:

"டிகிரியில புத்தகத்தை வகைப்படுத்த, பட்டியல் போட, வாசகருக்கு எடுத்துக் கொடுக்கச் சொல்லித் தந்தாங்க. காய்ஞ்சு போன ஓலையை எப்படிப் பிரிக்கணும்னு சொல்லித் தரலை. தெரியாம நான் தொட்டு ஒடிஞ்சா, உலகத்துல அதுக்கு இன்னொரு பிரதி கிடையாதும்மா."

எனக்குச் சுருக்கென்றது. நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். எனக்கே அந்த வித்தியாசம் அப்போதுதான் புரிந்தது. சாதாரண நூலகத்தில் ஒரு நாவல் தொலைந்தால் வேறு வாங்கிப் போடலாம். ஸ்பெஷல் கலெக்ஷன் என்கிற அரிய தொகுப்பில் இருப்பது அப்படி இல்லை. கையெழுத்து, ஓலை, கடிதம், போட்டோ, நாலைந்தே பிரதி மிஞ்சிய பழைய அச்சு, போனால் போனதுதான். அதனால்தான் அதை யாருக்கும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதில்லை. அதற்குப் பொறுப்பானவர் தாதியும் கணக்கப்பிள்ளையும் காவல்காரரும் சேர்ந்த மாதிரி இருக்க வேண்டும்.

"பிள்ளை என்கிட்ட இருக்கட்டும் அண்ணி. அவ போயிட்டு வரட்டும்" என்றேன். என் கணவரும் தலையசைத்தார். அப்படித்தான் அந்தப் பொடியன் ஆறு வாரம் ஏற்காட்டு வாசியானான்.

நம் தமிழ்நாட்டில் இந்த விஷயம் ஒன்றும் புதிதல்ல என்பதை அவள் போகும் முன் எனக்குச் சொன்ன கதைகளிலிருந்து தெரிந்துகொண்டேன். தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் (1855-1942) ஊர் ஊராகப் போய் ஏடு தேடினார் அல்லவா? சில இடங்களில் ஆடிப் பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டுவிட்டதாகவும், சில இடங்களில் நெருப்பில் போட்டுவிட்டதாகவும் கேட்டு மனம் நொந்திருக்கிறார். கெட்ட எண்ணத்தால் யாரும் அப்படிச் செய்யவில்லை. சிதைந்த ஏட்டை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்ற பக்திதான்! பக்தி இருந்தது, பேணும் வழி தெரியவில்லை. அவர் சேகரித்த ஏடுகளும் புத்தகங்களும் அவர் பெயரிலேயே 1943-இல் தொடங்கிய நூலகத்துக்கு வந்து, இன்று சென்னை பெசன்ட் நகரில் இருக்கின்றன.

வழி தெரிந்தவர்களும் இருந்தார்கள். தஞ்சாவூர் சரஸ்வதி மகாலை இரண்டாம் சரபோஜி மன்னர் வளர்த்தார். 1918-இல் அது பொதுமக்களுக்கான நூலகமாயிற்று. அங்கே பூச்சி வராமல் இருக்க என்ன வைத்தார்கள் தெரியுமா? வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, லவங்கப்பட்டை இடித்த பொடியில் கற்பூரம் சேர்த்துச் சின்னத் துணி முடிப்பாகக் கட்டி, சுவடிகளுக்கு நடுவே வைப்பார்களாம். நம் அஞ்சறைப் பெட்டிச் சாமான்தான்!

ஆனால் "நூலகத்தின் தலைவராக வருகிறவர் முறைப்படி பயிற்சி பெற வேண்டும்" என்பதைத் தன் வாழ்க்கையாலேயே காட்டியவர் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவரை 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக நியமித்தார்கள். அவர் லண்டனுக்குப் போய் மாணவராக உட்கார்ந்து நூலகக் கலையைக் கற்றார். பல நூலகங்களை நேரில் பார்த்துவிட்டு, 1925-இல் திரும்பி வந்தார். கற்றதைத் தனக்குள் வைத்துக்கொள்ளவும் இல்லை. 1928-இல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கம், 1929-இல் நூலகர்களுக்குப் பயிற்சிப் பள்ளி நடத்தியது; 1931-இல் பல்கலைக்கழகமே அந்தப் பயிற்சியை ஏற்றுக்கொண்டது. அதே வருஷம் அவருடைய புகழ்பெற்ற ஐந்து விதிகள் புத்தகமாக வந்தன. புத்தகம் பூட்டில் கிடப்பதற்கு அல்ல, வாசகர் கைக்குப் போய்ச் சேர்வதற்கு என்பது முதல் விதியின் சாரம். அவர் பிறந்த ஆகஸ்டு 12-ஐ இன்றும் நூலகர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

கோட்டையூர் ரோஜா முத்தையா பற்றியும் சொன்னாள். தனி மனிதராகச் சேர்த்தது எத்தனை! அரிய புத்தகங்கள், பழைய பத்திரிகைகள், நாடக நோட்டீசுகள், கல்யாணப் பத்திரிகைகள் கூட. அவர் 1992-இல் காலமானார். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. வாங்கியதை ஊரைவிட்டுக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக வைத்தார்கள். இப்போது தரமணியில் இருக்கிறது. அங்கே பட்டியல் போடவும், ஒவ்வொரு பக்கமாக மைக்ரோபிலிம் எடுக்கவும், நைந்த தாளைப் பேணவும் ஆட்களைப் பழக்கினார்கள். சேர்த்தவரின் ஆசை ஒரு பங்கு என்றால், காப்பாற்றுகிறவர்களின் பயிற்சி இன்னொரு பங்கு.

இதெல்லாம் கேட்க நன்றாக இருந்தது. மூன்றாவது வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதுதான் சோதனை! நூற்று மூன்று டிகிரி. இரவு பூராவும் நெற்றியிலும் அக்குளிலும் ஈரத் துணி வைத்துத் துடைத்தேன். காலையில் டாக்டர் பார்த்துவிட்டு, "வைரஸ் காய்ச்சல்தான். தண்ணீர், கஞ்சி நிறையக் கொடுங்கள். மூன்று நாளில் இறங்கவில்லை என்றால் அழைத்து வாருங்கள்" என்றார். அண்ணி சேலத்திலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். "கூப்பிடுங்க அவளை!" என்று ஒரே பிடிவாதம். அவளும் போனில் அழுதாள். "அத்தை, பெட்டியைக் கட்டிட்டேன். நாளைக்கு ரயில் ஏறிடறேன்."

டாக்டர் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன். காலை, மதியம், ராத்திரி மூன்று வேளையும் சூடு எவ்வளவு என்று போன் பண்ணுகிறேன், ஒன்றைக்கூட மறைக்க மாட்டேன் என்றேன். "நாலாம் நாள் இறங்கலைன்னா நானே உன்னை வரச் சொல்றேன். அதுவரைக்கும் வகுப்புக்குப் போ" என்றேன். மூன்றாம் நாள் சாயங்காலம் வியர்த்து இறங்கியது. அண்ணி ஒன்றும் பேசவில்லை. பேரனுக்கு ரசம் சாதம் பிசைந்து ஊட்டிவிட்டு, இரண்டு நாள் கழித்துப் பஸ் ஏறினார். இளம் தாய்மார்களுக்கு இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு பெண் படிக்கப் போக வேண்டுமானால், பின்னால் நிற்க ஒருவராவது வேண்டும். நாற்பது தாண்டிய நாமே அந்த ஒருவராக இருக்கலாமே!

திரும்பி வந்தவள் கொண்டுவந்த நோட்டைப் பார்த்தேன். துடைப்பம் என்ற வார்த்தையே அதில் இல்லை! முதல் பாடம், எதை ஏற்பது, எதை மறுப்பது என்பது. யார் எதைக் கொடுத்தாலும் வாங்கி அடுக்கினால் அறை நிறையுமே தவிர தொகுப்பு ஆகாது. இரண்டாவது, ஒரு பொருள் யாரிடமிருந்து, எப்படி வந்தது என்று எழுதி வைப்பது. எங்கள் ஊர் ஆர்க்கிட் தோட்டத்தில் செடிக்குச் செடி பெயர்ச்சீட்டு பார்த்திருக்கிறேன். "அந்தச் செடி எந்தக் காட்டிலேர்ந்து வந்ததுன்னு தெரியாட்டி ஆராய்ச்சிக்குப் பாதி உதவாது. பழைய காகிதமும் அப்படித்தான் அத்தை" என்றாள்.

அதற்குப் பிறகு பேணுதல். காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு அறுபத்தைந்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் பிடிக்க ஆரம்பிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் அமிலம் இருப்பதால், அது தானாகவே பழுத்து நொறுங்கும். கிழிந்ததை ஒட்ட மெல்லிய ஜப்பான் தாளும் கோதுமை மாவுச்சத்துப் பசையும்தான். ஏனென்றால் எந்தச் சிகிச்சை செய்தாலும் பின்னால் ஒருவர் அதைச் சேதமில்லாமல் பிரித்தெடுக்க முடிய வேண்டும் என்பது அவர்கள் சட்டம். பழைய புத்தகம் தொட வெள்ளைக் கையுறை போட வேண்டும் என்று நினைத்திருந்தேன். இல்லையாம்! தாளுக்குச் சுத்தமாகக் கழுவித் துடைத்த வெறுங்கையே மேல். உறை போட்டால் தாளின் மென்மை தெரியாமல் கிழித்துவிடுவோம். போட்டோவுக்கு மட்டும் உறை.

ஆபத்துக்குத் திட்டம் போடுவது தனிப் பாடம். இத்தாலியில் பிளாரன்ஸ் நகரில் 1966 நவம்பர் 4-ஆம் தேதி வெள்ளம் புகுந்து, தேசிய நூலகத்தில் லட்சக்கணக்கான புத்தகங்கள் சேற்றில் மூழ்கின. பல தேசத்து இளைஞர்கள் ஓடி வந்து சேற்றிலிருந்து எடுத்தார்கள். நனைந்த புத்தகத்தை எப்படிக் காப்பாற்றுவது என்பதை உலகம் அதிலிருந்துதான் ஊன்றிக் கற்க ஆரம்பித்தது. நம் இனத்துக்கு நேர்ந்த துயரம் யாழ்ப்பாணம். 1981-இல் மே கடைசி, ஜூன் ஆரம்ப இரவில் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். சுமார் 97,000 புத்தகங்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அதில் போயின. பிரதி எடுத்து வேறோர் ஊரில் வைப்பது ஏன் அவசியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி எங்கள் இரும்புப் பெட்டிக்கு வருகிறேன். அந்த ஐப்பசியில் ஓடு விலகி, பரணில் தண்ணீர் சொட்டியிருந்தது. அவள் வந்ததும் முதல் வேலையாகப் பொடியனை அடுத்த வீட்டில் விட்டாள். முகத்தில் என்-95 முகமூடி, கையில் ரப்பர் உறை. "பூஞ்சணத் தூசி நெஞ்சுக்குள்ள போனா இழுப்பு வரும் அத்தை, நீங்களும் போட்டுக்கோங்க" என்றாள். பெட்டியைத் திறந்தவுடன் எதையும் எடுக்கவில்லை. போட்டோ எடுத்தாள். "தாத்தா இதை எந்த வரிசையில வெச்சிருந்தார்னு தெரிஞ்சுக்கணும். வரிசையைக் கலைச்சா பாதிக் கதை போயிடும்."

ஈரமான நோட்டுகளை வெயிலில் போடவில்லை. வராந்தாவில் நிழலில் செங்குத்தாக விரித்து நிற்க வைத்து, பக்கங்களுக்கு நடுவே அச்சில்லாத வெள்ளைத் தாள் செருகி, மின்விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சுழல விட்டாள். தாள் நனைய நனைய மாற்றினோம். நான்கு நோட்டுகள் ரொம்ப மோசம். அவற்றை பிளாஸ்டிக் உறையில் போட்டு பிரிட்ஜின் ஐஸ் அறையில் வைத்துவிட்டாள்! மீனும் பட்டாணியும் இருக்கிற இடத்தில் மாமனார்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. உறைந்திருக்கும் வரை பூஞ்சணம் வளராதாம். ஒவ்வொன்றாக எடுத்து நிதானமாக உலர்த்தலாமாம். இருபத்தாறில் இருபத்தைந்து பிழைத்தது.

"இதை உங்க கல்லூரி அறையிலேயே வெச்சிடேன்" என்றேன். அவள் தலையாட்டவில்லை. "என் குடும்பத்துப் பொருளை நானே ஏத்துக்கிட்டா முறை இல்லை. குழு பார்த்து முடிவு பண்ணட்டும். தானப் பத்திரத்துல மாமாவும் அம்மாவும் ரெண்டு பேருமே கையெழுத்துப் போடணும்" என்றாள். சாவியோடு பயிற்சியும் வந்தால் நிர்வாகம் இப்படித்தான் இருக்கும் போலும்!

குழு, மழை நோட்டுகளை ஏற்றுக்கொண்டது. ஒரு மலையில் கால் நூற்றாண்டு காலம் தினந்தோறும் பெய்த மழையின் கணக்கு ஆராய்ச்சிக்காரர்களுக்கு உதவுமாம். மாமியாரின் கணக்கு நோட்டையும் கேட்டார்கள். அங்கேதான் சிக்கல்.

அண்ணி அதைப் புரட்டிப் பார்க்க உட்கார்ந்தார். வேப்பெண்ணெய் வைத்தியம், ஓமத் தண்ணீர் அளவு, அரிசி விலை... நடுவில் ஒரு பக்கம். அண்ணிக்கும் என் கணவருக்கும் இடையில் ஒரு குழந்தை பிறந்து, பதினோராம் நாள் தவறிப் போயிருக்கிறது. பிறந்த நேரம், போன நேரம், அன்று மழை கொட்டியது என்று மூன்று வரி. அதன் கீழே ஒரு வாரம் கணக்கே எழுதவில்லை. எங்களில் யாருக்கும் இது தெரியாது. மாமியார் ஒருநாள் கூட வாய் திறந்ததில்லை.

அண்ணி வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதை ஊர் பூரா படிக்கணுமா?" என்றார்.

அதற்கும் பயிற்சியில் வழி சொல்லித் தந்திருந்தார்கள். "வேண்டாம்மா. கொடுக்கறவங்க நிபந்தனை போடலாம். இன்ன பக்கத்தை இத்தனை வருஷத்துக்குத் திறக்கக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்தா, அதை நிறைவேத்தறது எங்க பொறுப்பு. நோட்டையே கொடுக்க இஷ்டமில்லைன்னாலும் சரி. யாரும் கட்டாயப்படுத்த முடியாது."

அண்ணி இரண்டு நாள் யோசித்தார். முப்பது வருஷம் அந்தப் பக்கத்தை மூடி வைக்க வேண்டும் என்று எழுதச் சொல்லி, கையெழுத்துப் போட்டார். கொடுக்கும் முன் நோட்டு முழுவதையும் படம் எடுத்துப் பிரதி வைத்துக்கொண்டோம். கிளம்பும்போது மகளிடம், "அடுத்த டிரெயினிங் எப்போ?" என்று மட்டும் கேட்டார்.

சகோதரிகளுக்காக அவளிடம் கேட்டு எழுதிக்கொண்ட குறிப்புகள்:

1. பழைய புத்தகப் பெட்டியைத் தரையிலோ, குளியலறைச் சுவரை ஒட்டியோ, ஒழுகும் பரணிலோ வைக்காதீர்கள். அலமாரி சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி இருக்கட்டும். காய்ந்த நாட்களில் திறந்து காற்றாட விடுங்கள்.

2. நனைந்த புத்தகத்தை நேர் வெயிலில் காய வைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். நிழல், காற்று, இடையில் வெள்ளைத் தாள். இரண்டு நாளுக்குள் கவனித்துவிட வேண்டும். அதற்குள் பூஞ்சணம் ஆரம்பித்துவிடும்.

3. பூஞ்சணம் பிடித்ததை முதலில் உலர்த்துங்கள். பிறகு வீட்டுக்கு வெளியே, முகமூடி போட்டுக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் தள்ளுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமாக்காரர்கள் அருகில் வேண்டாம்.

4. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டாதீர்கள். அந்தக் காலத்துப் புத்தகங்களில் பூச்சி மருந்து தூவியிருப்பார்கள். புத்தகத்தைத் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

5. செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லாமினேஷன் செய்யாதீர்கள். ரப்பர் பேண்டு, குண்டூசி, கிளிப் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெள்ளைப் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள்.

6. வசம்புப் பொடி முடிப்பு வைக்கலாம். பொடி தாளில் கொட்டாமல் துணியில் கட்டி, ஓரமாக வையுங்கள்.

7. ஓலைச்சுவடி கிடைத்தால் நீங்களாக எண்ணெய் தடவாதீர்கள். எலுமிச்சம்புல் எண்ணெய் தடவி ஓலையைப் பதமாக்குவது உண்டுதான். மையால் எழுதியதா, எழுத்தாணியால் கீறியதா என்று பார்த்துச் செய்ய வேண்டியது அது. பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள்.

8. போட்டோவில் இருப்பவர் யார், எந்த வருஷம் என்று வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, தனித் தாளில் பென்சிலால் எழுதி வையுங்கள்.

பெண்களைப் படிக்க வைக்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நூலகப் படிப்பைப் பல பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன. வேலையில், வீட்டில் இருந்தபடியே படிக்க இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆவணம் பேணுவதற்கென்று டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் பள்ளியில் ஒரு வருஷப் பட்டயமும், சில வாரப் பயிற்சிகளும் உண்டு. தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடிக்கென்றே ஒரு துறை இருக்கிறது. அமெரிக்காவில் அரிய புத்தகங்களுக்கென்றே 1983-இல் தொடங்கிய ஒரு பள்ளி, வேலையில் இருப்பவர்களுக்காக ஒரே வார வகுப்புகள் நடத்துகிறது. வேலையில் சேர்ந்த பிறகும் படிப்பு முடிவதில்லை என்பதை உலகம் பூராவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த மழைக்காலம் வருவதற்குள் உங்கள் வீட்டுப் பரணையும் ஒரு தரம் ஏறிப் பாருங்கள். பேப்பர்க்காரருக்குப் போடும் முன், யார் எழுதியது, என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள். கொடுக்க வேண்டியது என்று தோன்றினால், சாவி மட்டும் அல்லாமல் பயிற்சியும் உள்ள ஒருவர் பொறுப்பில் இருக்கும் நூலகமாகப் பார்த்துக் கொடுங்கள்.